வலுச்சுக்கானின் எண்ணெய்: அதனைத் தெரிதலும் மாற்றுதலும்

மோட்டார் வண்டியொன்றினுள்ளே ஓடும் திரவங்கள் பல. அவற்றுள் எஞ்சின் எண்ணெயை யாவரும் அறிவர்; அதனைக் காலந்தோறும் மாற்றவும் செய்வர். பிரேக்குத் திரவத்தை அச்சங் காரணமாகவேனும் நினைவுகூர்வர். இரேடியேற்றரிலுள்ள நீரை வண்டி கொதித்து வழிமறித்து நின்றபொழுது நினைப்பர். ஆனால், சுக்கானை இலகுவாகத் திருப்பத் துணைசெய்யும் எண்ணெயை, அச்சுக்கான் பாரமாகும்வரை, அல்லது வளைவுகளில் முனகத் தொடங்கும்வரை, நினைப்பார் அரியர். நினைத்த பின்னரும், ‘சிவப்பு எண்ணெய் ஒரு போத்தல்’ என்று கடையிற் கேட்டு வாங்கி ஊற்றிவிட்டுக் கடமை முடிந்ததென அமைதியடைவோரே பலர். சிவப்பு என்பது ஒரு நிறம். அஃது எண்ணெயின் குணமன்று. இவ்வுண்மையை அறியாமையால் விளையும் நட்டம், ஒரு போத்தல் எண்ணெயின் விலையைப் போற் பன்மடங்காதலுண்டு. சிலவேளைகளில் உயிர்க்கும் ஊறு நேர்தலுண்டு. ஆதலின் இவ்வெண்ணெயின் இயல்பையும், அதனைத் தெரியுமாற்றையும், மாற்றுமாற்றையும் ஈண்டுச் சிறிது விரித்துரைப்பாம்.

‘பவர் ஸ்டியரிங்’ என வழங்கும் வலுச்சுக்கான், பலர் எண்ணுவதினும் பழையது. ஐக்கிய அமெரிக்காவிலே ‘பியேர்ஸ்-அரோ’ என்னும் மோட்டார் நிறுவனத்திற் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ் என்னும் பொறியியலாளர், பார வண்டிகளைத் திருப்புவதற்குச் சாரதிகள் படும் பாட்டைக் கண்டு, அந்நிறுவனத்தை விட்டு நீங்கி, மசசூசெற்ஸ் மாநிலத்து வால்த்தம் நகரிலே தாமே ஒரு பட்டறை அமைத்து முயன்று, 1926ஆம் ஆண்டிலே எண்ணெயின் அமுக்கத்தால் இயங்கும் சுக்கானொன்றை ஒரு காரிற் பொருத்திக் காட்டினார். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அதனை ஆராய்ந்தது. எனினும் பொருளாதார மந்தம் வந்துற்ற காலத்தில் செலவு மிகுதி கருதிக் கைவிட்டது. பின்னர் இரண்டாம் உலகப் போரிலே கவச வண்டிகளுக்கு அது பயன்பட்டது. பொதுமக்களுக்கென விற்கப்பட்ட கார்களில் முதன்முதலாக அதனைப் பொருத்தி விற்றது கிறைஸ்லர் நிறுவனம். வண்டி 1951ஆம் ஆண்டின் ‘இம்பீரியல்’. டேவிசின் உரிமைப் பத்திரங்கள் சில காலாவதியாகிவிட்டமை அந்நிறுவனத்துக்கு வாய்ப்பாயிற்று. புதுமை செய்தவன் ஒருவன், பயன் கொள்பவன் வேறொருவன் என்னும் கதை பொறியியலிலும் புதிதன்று.

இனி, இப்பொறி இயங்கும் முறையைக் காண்போம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்பட்ட அமுக்கம், குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பஸ்கால் கண்ட விதி. வகுப்பறையிலே நாம் கற்பிக்கும் இவ்விதிதான் காரினுள் அமர்ந்து உழைக்கின்றது. எஞ்சினிலிருந்து ஒரு வார்ப்பட்டியாற் சுழற்றப்படும் சிறு பம்பி, தேக்கக் குப்பியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, அமுக்கி, தடித்த குழாய் வழியே சுக்கானின் அடியிலுள்ள பற்சட்டத்துக்கு அனுப்புகின்றது. சாரதி சுக்கானைத் திருப்பும்போது, அதன் தண்டில் இடைவைத்த மெல்லிய முறுக்குக் கோலொன்று சில பாகைகள் முறுகுகின்றது. அம்முறுக்கமே ஒரு வால்வைத் திறந்து, எண்ணெயை வலப்புறமோ இடப்புறமோ செல்லவிடும். உருளையினுள்ளே முசலத்தின் ஒரு பக்கத்தை எண்ணெய் தள்ள, முசலத்தோடு பிணைந்த பற்சட்டம் நகர்ந்து சில்லுகளைத் திருப்புகின்றது. கை தளர்ந்ததும் முறுக்கு நீங்கி வால்வு நடுநிலையடையும். எண்ணெயும் வேலையின்றிக் குப்பிக்குத் திரும்பும்.

நின்ற இடத்திற் சில்லுகளைத் திருப்பும்பொழுது, எண்ணெயின் அமுக்கம் ஒரு சதுர சென்றிமீற்றருக்கு ஏறக்குறைய 70 கிலோகிராம் அளவுக்கோ அதற்கு மேலோ எழலாம். முசலத்தின் பயன்படு பரப்பு 8 சதுர சென்றிமீற்றர் எனக் கொள்ளின், அதன்மீது விழும் தள்ளுவிசை 560 கிலோகிராமாகும். சிறுவனொருவனின் சுட்டுவிரலுக்கும் இணங்கும் சுக்கானின் பின்னால் இத்துணை வலிமை ஒளிந்திருக்கின்றது. மற்றொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது: பம்பி நின்றாலும், எண்ணெய் முற்றாக ஒழுகினாலும், சுக்கானுக்கும் சில்லுக்கும் இடையேயுள்ள இரும்புப் பிணைப்பு அறுவதில்லை. வண்டி திரும்பும், ஆனால் மிகப் பாரமாகத் திரும்பும். இலகுவான சுக்கானுக்குப் பழகிய கை, வளைவின் நடுவிலே திடீரெனப் பாரத்தைச் சந்திப்பதிலேதான் ஆபத்து உள்ளது.

இவ்வெண்ணெய்க்கு ஒரு வேலை மட்டுமன்று. அமுக்கத்தைச் சுமப்பது முதல் வேலை. பம்பியின் உள்ளே உரசிச் சுழலும் உலோகத் தகடுகளுக்கு வேறு மசகு இல்லை. ஆகவே மசகிடுதலும் அதன் பொறுப்பே. வெப்பத்தை ஏந்திச் செல்லல், துரு அண்டாது காத்தல், நுரை எழாதிருத்தல் என்பனவும் உள. இவை யாவற்றினும் நுட்பமானது, எண்ணெய் வெளியேறாதபடி காக்கும் இறப்பர் வளையங்களோடு அது கொள்ளும் உறவு. தொழிலாளர் ‘சீல்’ என்று கூறும் இவ்வளையங்கள், தமக்கெனக் குறித்த எண்ணெயிலே சிறிதளவு ஊறி, அளவாகப் பருத்து, இடத்தை நிரப்பி நிற்குமாறு ஆக்கப்பட்டவை. எண்ணெய் மாறின், மிகையாகப் பருத்து மென்மையடைதலும், அன்றிச் சுருங்கி வன்மையடைதலும் நேரும். இரண்டிலும் முடிவு ஒழுக்கே. எண்ணெயைத் தெரிதல் என்பது பெரும்பாலும் இறப்பரைக் காத்தலே என்க.

தொடக்க காலத்திற் சுக்கானுக்கென்று தனி எண்ணெய் செய்யப்படவில்லை. தானியங்கு கியர்ப் பெட்டிக்கு ஆக்கிய எண்ணெய் எளிதிற் கிடைத்தமையால் அதனையே பலரும் பயன்படுத்தினர். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1949இல் ‘ரைப் ஏ’ என்ற பெயரால் அதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. 1967இல் ‘டெக்ஸ்ரோன்’ என்னும் பெயர் தோன்றியது. எஞ்சின் எண்ணெயோடு மயங்காதிருக்கவும், ஒழுக்கு எங்கிருந்து வருகின்றதெனக் கண்டறியவுமே அதற்குச் சிவப்புச் சாயம் இடப்பட்டது. அக்காலத்து எண்ணெய்களில் உராய்வைச் சீர்செய்யும் பொருளாகத் திமிங்கில எண்ணெய் கலக்கப்பட்டது என்பதை இன்று கேட்போர் வியப்பர். 1970களின் தொடக்கத்தில் அந்நாடு திமிங்கில எண்ணெயை விலக்கிய பின்னரே இரசாயன மாற்றுப் பொருள்கள் அதனிடத்தைப் பிடித்தன.

இன்று வழங்கும் எண்ணெய்களை ஒருவாறு மூன்று குடும்பங்களாகக் கொள்ளலாம். முதலாவது, மேற்கூறிய சிவப்பு எண்ணெய்க் குடும்பம். 1990களிற் செய்யப்பட்ட டொயோட்டா வண்டிகள் பலவற்றுக்கு டெக்ஸ்ரோன் இரண்டு அல்லது மூன்று என்றே கைநூல்கள் கூறும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. டெக்ஸ்ரோன் மூன்றுக்கு வழங்கிய அனுமதிகள் யாவும் 2006ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவெய்திவிட்டன; 2005இல் வந்த டெக்ஸ்ரோன் ஆறே அதன் வழித்தோன்றலாகும். கடைகளில் ‘டெக்ஸ்ரோன் மூன்றுக்கு ஏற்றது’ என்னும் எழுத்துடன் காணும் போத்தல்கள், அந்நிறுவனத்தின் சோதனைக்கு உட்பட்டு இன்று உரிமம் பெற்றவையல்ல. ஆக்கியோனின் சொல்லே அவற்றுக்குச் சான்று. ஆகவே, பெயர் பெற்ற ஆக்கியோனின் போத்தலை வாங்குவது இவ்விடத்தில் வீண் செலவன்று.

இரண்டாவது, ஜேர்மானிய வண்டிகள் பல வேண்டும் செயற்கை எண்ணெய்; பெரும்பாலும் பச்சை நிறம்; ‘சீ.எச்.எப்.’ என்னும் எழுத்துகளோடு வரும். 40 பாகை செல்சியசிலே சிவப்பு எண்ணெயின் பாகுநிலை ஏறக்குறைய 35 சென்றிஸ்ரோக்கு. பச்சை எண்ணெயினது அதிற் பாதியளவே. கடுங்குளிர் நாடுகளில் எண்ணெய் உறைந்து தடிக்காதிருக்க இவ்வாறு மெலிதாக ஆக்கினர். ‘எமது நாடு வெப்ப நாடு, எமக்கு இது எதற்கு?’ என்று சிவப்பை ஊற்றுவோர் உளர். வாதம் பார்வைக்குச் சரிபோலத் தோன்றினும், பம்பியின் இடைவெளிகளும் சீல்களும் மெல்லிய எண்ணெய்க்கென அளந்து செய்யப்பட்டவை என்பதை அது மறந்துவிடுகின்றது. வண்டி எங்கே ஓடுகின்றது என்பதைச் சீல் அறியாது. மூன்றாவது குடும்பம், தனித்தனி நிறுவனங்கள் தம் வண்டிக்கெனவே வகுத்தவை. ஹொண்டா நிறுவனம் தனது சுக்கான் எண்ணெயைத் தவிர வேறெதனையும், சிறப்பாகத் தானியங்கு கியர் எண்ணெயை, ஊற்றலாகாதெனக் கைநூலிலேயே எச்சரிக்கின்றது.

‘எல்லா வண்டிக்கும் ஏற்றது’ என்று எழுதிய போத்தல்களைப் பற்றி யாது சொல்வது? அவற்றுள் நல்லனவும் உள. ஆயினும் எல்லார்க்கும் ஏற்ற மூக்குக்கண்ணாடி ஒன்றை எவரேனும் செய்து விற்பாராயின் நாம் நம்புவோமா? வழியில் எண்ணெய் முற்றாகக் குறைந்து, வேறு வழியில்லாதபோது, வீடு வந்து சேரும் அளவுக்கு அதனை ஊற்றலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தல் தகாது.

நிறத்தை நம்பிக் கெடுதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுப் பிரான்சு நாட்டுச் சித்ரோவென் நிறுவனத்தின் டீ.எஸ். என்னும் கார். 1955இல் வெளிவந்த அவ்வண்டியிலே சுக்கான், பிரேக்கு, வண்டியைத் தாங்கும் வில்லமைப்பு ஆகிய யாவும் ஒரே எண்ணெயின் அமுக்கத்தால் இயங்கின. தொடக்கத்திற் பயன்பட்ட திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவை உண்டாக்கியது. ஆதலால் 1966இல் நிறுவனத்தார் பச்சை நிறக் கனிய எண்ணெய்க்கு மாறினர். பழைய சிவப்புத் திரவத்துக்கென ஆக்கிய சீல்கள் புதியதற்கு ஆகா, புதியன பழையதற்கு ஆகா. ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றின், வண்டியின் ஒவ்வொரு சீலும் கெட்டு, சுக்கானோடு பிரேக்கும் போய்விடும். இதனை அஞ்சியே புதிய எண்ணெய்க்குரிய உறுப்புகளுக்குப் பச்சை வர்ணம் பூசினர். நிறத்தைக் குறியாக அவர்கள் முறையாகப் பயன்படுத்தியமை இதுவாகும்: ஒரே நிறுவனத்தில், ஒரே வண்டியில், எழுதி வைத்த விதியோடு. கடைத்தெருவின் சிவப்புக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை.

இதே அபாயம் சாதாரணக் கார்களிலும் உண்டு என்பதை அழுத்தமாகக் கூறல் வேண்டும். பிரேக்குத் திரவம் பெரும்பாலும் கிளைக்கோல் வகையைச் சார்ந்தது. சுக்கான் எண்ணெயோ கனிய எண்ணெயையோ அதனை ஒத்த செயற்கை எண்ணெயையோ சார்ந்தது. பிரேக்கின் சீல்களைச் செய்த இறப்பர், கனிய எண்ணெய் பட்டவுடன் பஞ்சுபோல உப்பும். எஞ்சின் அறையில் இரண்டு குப்பிகளும் சிலவேளை ஒரு சாண் இடைவெளியில் நிற்கின்றன. மாலை மங்கலில், அவசரத்தில், சுக்கான் எண்ணெய் சிறிது பிரேக்குக் குப்பியுள் வீழ்ந்தாற்கூட வண்டியைச் செலுத்தலாகாது. உப்பிய சீல்கள் பிரேக்கை விடாது பற்றிக்கொள்ளலாம். அன்றி அடியோடு பிடிக்காமலும் போகலாம். அவ்வாறு நேரின், வண்டியை இழுத்துச் சென்று, பிரேக்கமைப்பைக் கழுவி, இறப்பர் உறுப்புகள் யாவற்றையும் மாற்றுவதே வழி. ‘கொஞ்சந்தானே’ என்று சமாதானங் கூறும் திருத்துநரிடம் அவ்வண்டியை ஒப்புவியாதிருத்தல் நன்று.

ஆகவே எண்ணெயைத் தெரிவது எங்ஙனம்? முதற் சான்று தேக்கக் குப்பியின் மூடி. பெரும்பாலான மூடிகளில் எண்ணெயின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது கைநூல். எமது நாட்டிலோ, யப்பானிலிருந்து பயன்படுத்திய பின் இறக்குமதியாகிய வண்டிகள் மிகப் பல. அவற்றின் கைநூல் யப்பானிய மொழியில் இருக்கும், அல்லது இராது. எனவே மூடியின் எழுத்தே பலருக்கு எஞ்சிய ஒரே சான்று. முன்னைய உரிமையாளர் வேறு வண்டியின் மூடியைப் பொருத்தியிருத்தலும் கூடும் என்பதால், அதே வகை வண்டி வைத்திருப்பார் ஒருவரின் மூடியோடு ஒப்பிடுதல் தீங்கன்று.

எப்பொழுது மாற்றுவது என்பதிலே நிறுவனங்கள் ஒத்த கருத்துடையனவல்ல. பல கைநூல்கள் கால எல்லை எதனையும் கூறா. வண்டியின் ஆயுள்வரை மாற்ற வேண்டாம் எனக் கூறுவோரும் உளர். ஆயுள் என்பது யாருடைய கணக்கில் என்பதே வினா. ஐந்தாறு ஆண்டில் வண்டியைக் கழிக்கும் நாட்டின் கணக்கு, இருபது முப்பது ஆண்டு அதனை ஓட்டும் எமக்குப் பொருந்தாது. அனுபவமுள்ள திருத்துநர் பலர் 50,000 முதல் 80,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை என்பர். அது தகுந்த அளவே. அதனினும் எண்ணெயையே கேட்டறிதல் சிறந்தது. வெள்ளைத் தாளில் ஒரு துளி இடுக. தெளிந்த நிறமாயின் நன்று. கோப்பி நிறமாய், கருகிய மணமுடையதாய் இருப்பின் வெப்பத்தால் கெட்டது. கரிய நுண்டுகள் குழாய்களின் உள் இறப்பர் உதிர்வதையும், மினுங்கும் துகள்கள் பம்பி தேய்வதையும் காட்டும். பால்போல் வெளுத்து நுரைத்திருப்பின் காற்றுக் கலந்துள்ளது.

எண்ணெய் குறைந்திருக்கக் காணின், அது ‘செலவாகிவிட்டது’ என்று எண்ணலாகாது. இவ்வெண்ணெய் எரிவதில்லை, குறைந்ததாயின் எங்கோ ஒழுகுகின்றது. ஒழுக்கைத் தேடும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அமுக்கக் குழாயை வெறுங்கையால் தடவிப் பார்த்தல் பெருந்தவறு. ஊசித்துளை வழியே பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலினுட் செல்ல வல்லது. எஞ்சினை நிறுத்தித் துடைத்து, ஒரு கடதாசி மட்டையை வைத்துச் சோதித்தல் முறை.

மாற்றும் வழிகள் இரண்டு. எளியது, தேக்கக் குப்பியிலுள்ள எண்ணெயைப் பெரிய சிறிஞ்சினால் உறிஞ்சியெடுத்துப் புதியதை ஊற்றி, எஞ்சினை இயக்கிச் சுக்கானை இருபுறமும் திருப்பிக் கலக்கவிட்டு, மீண்டும் அதனையே செய்வது. இதிற் கணக்கு ஒன்று உண்டு. மாணவர்கள் இதனைப் பெருக்கல் விருத்தியாக இனங்காண்பர். அமைப்பு முழுவதும் 0.9 லீற்றர், குப்பியில் 0.3 லீற்றர் எனக் கொள்வோம். ஒரு முறை மாற்றினாற் பழையதில் மூன்றில் இரண்டு பங்கு எஞ்சும். மூன்று முறை மாற்றியபின் ஏறக்குறைய 30 சதவீதமும், ஆறு முறைக்குப் பின் 9 சதவீதமும் எஞ்சும். அதாவது 1.8 லீற்றர் எண்ணெயால் பதினொன்றில் பத்துப் பங்கு புதிதாகின்றது. ஒரே முறை மாற்றிவிட்டு ‘மாற்றியாயிற்று’ என்று பணம் பெறுவாரிடம் இக்கணக்கைக் காட்டலாம். ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் இடையே சில நாள் ஓட்டுவதாலும் குற்றமில்லை. பிழையான எண்ணெய் கலந்துள்ள அமைப்புக்கு மட்டும் இவ்வழி போதாது.

அதற்கு இரண்டாவது வழி வேண்டும். முன் சில்லுகளிரண்டையும் நிலத்திலிருந்து ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துக. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ப் புகற்க. தேக்கக் குப்பிக்குத் திரும்பி வரும் மெல்லிய குழாயைக் கழற்றி ஒரு போத்தலினுள் விடுக; குப்பியின் வாயை அடைத்துவிடுக. எஞ்சினை இயக்காமலே, ஒருவர் சுக்கானை மெதுவாக இருபுறமும் எல்லைவரை திருப்ப, முசலமே பழைய எண்ணெயைத் தள்ளி வெளியேற்றும். மற்றொருவர் குப்பி வறளாதபடி புதிய எண்ணெயை ஊற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். வருவது தெளிந்தவுடன் குழாயைப் பழையபடி பொருத்தலாம். எஞ்சினை ஓட்டி விரைவாக முடிக்கும் வழக்கமும் உண்டு. பம்பி சில விநாடிகள் வறண்டு சுழன்றாலும் தேயும் என்பதால் அதனை நாம் விரும்பவில்லை. குப்பியினுள் வடி இருப்பின், அது அடைபட்டுள்ளதா என்பதை இத்தருணத்திற் பார்த்துக்கொள்க. பம்பி முனகுவதற்குப் பம்பியே காரணமென்று விலைமிக்க பம்பி மாற்றப்பட்ட பின்னரும் முனகல் நீங்காத வண்டிகளில், அடைபட்ட வடியோ, உறிஞ்சு குழாயின் மூட்டிலுள்ள தளர்ந்த வளையமோ குற்றவாளியாய் இருத்தல் பலமுறை கண்டது.

எஞ்சியது காற்றை நீக்கல். இதற்கு அவசரம் ஆகாது. எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே சுக்கானை இருபது முறையளவு இருபுறமும் மெதுவாகத் திருப்பி, குமிழிகள் எழுந்து அடங்கவிட்டு, எண்ணெய் மட்டத்தை நிரப்பி, பின்னரே எஞ்சினை இயக்குக. இயங்கும் எஞ்சினில் சுக்கானை எல்லையில் ஐந்து விநாடிக்கு மேற் பிடித்து நிறுத்தலாகாது. அங்கே எண்ணெய் செல்ல வழியின்றிப் பாதுகாப்பு வால்வினூடே பிதுங்கி மிக விரைவிற் சூடேறும். குப்பியில் குளிர்ந்த எண்ணெய்க்கொரு கோடும் சூடான எண்ணெய்க்கொரு கோடும் இருப்பின், எந்நிலையில் அளக்கின்றோமோ அந்நிலைக்குரிய கோட்டையே கொள்க. ‘ஒழுக்கை நிறுத்தும்’ மருந்துகள் சீலை மிகையாக உப்பவைப்பன. வண்டியை விற்க எண்ணுவோர்க்கன்றி வைத்திருக்க எண்ணுவோர்க்கு அவற்றால் நன்மையில்லை.

இவ்வளவும் எண்ணெயால் இயங்கும் சுக்கானுக்கே. 1988இல் சுசூகி நிறுவனம் ‘சேர்வோ’ என்னும் சிறு காரிலே மின்மோட்டரால் உதவும் சுக்கானைப் பொருத்தியது. இன்று எமது வீதிகளில் ஓடும் பிரியஸ், அக்குவா முதலிய கலப்பு வண்டிகளின் சுக்கானும் அவ்வினமே. அவற்றில் எண்ணெயுமில்லை, குப்பியுமில்லை. ஊற்ற இடந்தேடி பிரேக்குக் குப்பியைத் திறந்துவிடாதிருத்தல் வேண்டும். மின்மோட்டர் பம்பியைச் சுழற்ற, பம்பி எண்ணெயைத் தள்ளும் இடைப்பட்ட வகையும் உண்டு. அதற்கு மேற்கூறிய யாவும் பொருந்தும்.

வெளியேற்றிய பழைய எண்ணெயை வளவின் மூலையிலோ, வாய்க்காலிலோ ஊற்றுதல் எங்கும் தீது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெருந்தீது. இங்கே குடிநீர் பெரும்பாலும் மெல்லிய மண்ணின் கீழுள்ள சுண்ணாம்புக் கற்பாறையின் நீரே. பாறையின் வெடிப்புகள் வழியே மேலுள்ளது விரைவிற் கீழிறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி யாவரும் அறிந்தது. அவ்வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றது. பழைய எண்ணெயைப் புதிய எண்ணெய் வந்த போத்தலிலேயே அடைத்து, மேலே பெயரெழுதி, கழிவெண்ணெய் சேர்க்கும் எரிபொருள் நிலையத்திலோ கராச்சிலோ ஒப்படைக்கலாம். பெயர் எழுதுதல் முக்கியம். பழைய எண்ணெய் புதியதென எண்ணி மறுபடியும் ஊற்றப்பட்ட வண்டிகளும் உள.